கணிப்பொறிக் கல்வியும் நம் இளைஞரும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கணிப்பொறிக் கல்வியைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது நாம் தயங்கினோம். நாம் கற்றது வரலாறு; வகுப்பில் கற்பிப்பது சமூக அறிவியல். "கணிப்பொறியை அறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், ஐயா. அதைப் படிக்கப் போகிற பிள்ளையின் வீட்டை அறிந்தவர் நீங்கள்தானே" என்றார் அவர். அதற்கு மேல் மறுக்க வழியில்லை. ஆதலின், இன்று நாம் பேசவிருப்பது அப்பொறியைப் பற்றி மட்டுமன்று. அது வந்து சேர்ந்த வீடுகளைப் பற்றியும்தான்.

1991-ஆம் ஆண்டு. நாம் சேலத்தில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தோம். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருந்தோம். அந்நாளில் சேலத்துக்கெனப் பல்கலைக்கழகம் இல்லை. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல்தான் தோன்றியது. நம் பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரே இருக்கும். நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. அவ்வாண்டில்தான் முதன்முதலாக ஒரு கணிப்பொறியைக் கண்டோம். ஓர் அலுவலகத்தில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குளிர்ந்த அறையில் அது வீற்றிருந்தது. உள்ளே செல்வோர் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். தூசு படக் கூடாது என்பதே காரணம், வேறொன்றும் இல்லை. ஆயினும், ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தந்தையின் மகனுக்கு அந்த அறிவிப்பைப் படித்தபோது நெஞ்சில் என்ன தோன்றியிருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் உள்ளே போகவில்லை. கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதே 1991-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில், ஏறத்தாழ நம் வயதுடைய மாணவர் ஒருவர் தம் அறையில் சொந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். 1969 டிசம்பரில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் அவர். அந்நாட்டில் சுவீடிஷ் மொழி பேசும் சிறுபான்மை மக்களைச் சேர்ந்தவர். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பயின்றார். 1991 சனவரியில் தவணை முறையில் ஒரு கணிப்பொறி வாங்கினார். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே எழுதிய மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை அதில் நிறுவினார். வீட்டிலிருந்தபடியே தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியுடன் தொடர்பு கொள்ள ஒரு நிரல் வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம். எழுதத் தொடங்கினார். பெற்ற செய்தியைச் சேமிக்க ஒரு வசதி வேண்டியிருந்தது, அதனையும் எழுதினார். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி எழுதி, ஒரு நாள் பார்த்தால் அதுவே ஓர் இயங்குதளமாக வளர்ந்திருந்தது. இடையில் ஒருமுறை, தொலைபேசி இணைப்புக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாகத் தம் வன்தட்டுக்கே அனுப்பி, மினிக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டார் என்பதையும் நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களும் அழித்திருக்கிறார்கள்.

1991 ஆகஸ்டு 25-ஆம் நாள் தம் முயற்சியை அவர் பிறருக்கு அறிவித்தார். பொழுதுபோக்காகச் செய்வதாகவும், அது பெரிதாக வளரப் போவதில்லை என்றும் அடக்கமாக எழுதினார். செப்டம்பரில் வெளியான முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டது. இன்று அது 3 கோடி வரிகளையும் கடந்துவிட்டது. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளும் 2017 முதல் லினக்சிலேயே இயங்குகின்றன. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்டிராய்டு கைப்பேசிக்குள்ளும் இருப்பது அதன் கருவே.

இத்தனை வளர்ச்சிக்கும் காரணம் அவர் ஒருவருடைய திறமை அன்று. 1992-இல் தம் படைப்பை, ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் அவர் வெளியிட்டார். யாரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். வழங்கும்போது, பெறுபவர்க்கும் அதே உரிமையைத் தர வேண்டும். படிக்கலாம் என்னும் சொல்லை நாம் சற்று அழுத்தியே சொல்கின்றோம். எழுத்தைக் கேட்பதும் குற்றம், படிப்பதும் குற்றம் என்று விலக்கி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாம். ஓர் ஏட்டை எவரும் மூடி வைக்கக் கூடாது என்பதையே உரிமத்தில் எழுதி வைத்த ஒரு படைப்பு உலகில் இருக்கிறது என்றால், அதனை முதலில் கேட்டறிந்திருக்க வேண்டியவர்கள் நாமே.

ஆனால் வரலாறு படித்தவன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. அந்த ஹெல்சிங்கி மாணவரின் தாய்வழிப் பாட்டனார் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர். பத்துப் பதினோரு வயதிலேயே பாட்டனாரின் கணிப்பொறியில் அவர் விளையாடக் கற்றார். அந்நாட்டில் அப்போது பல்கலைக்கழகக் கட்டணம் கிடையாது. 1988-இல் சேர்ந்தவர் முதுகலைப் பட்டம் முடிக்க ஏறத்தாழ 8 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று வீட்டில் யாரும் அழவில்லை. நம் பிள்ளை ஒரு தாளில் தேறவில்லையென்றால், "படித்தது போதும், லாரிக்குப் போ" என்று சொல்லத் தெருவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஏடு திறந்திருப்பது வேறு. அதன் முன் அமர்ந்து படிக்க ஓய்வும் ஒரு விளக்கும் வாய்ப்பது வேறு.

லாரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. இயங்குதளம் என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் வாழும் நமக்கு இதை விளக்குவது மிக எளிது. தொழிற்சாலையிலிருந்து லாரி முழுதாக வருவதில்லை. வெறும் சேசிஸ்தான் வருகின்றது. அதன்மேல் நம் ஊர்ப் பட்டறைகளில் பாடி கட்டுகிறார்கள். நெல்லேற்ற ஒன்று, எரிவாயுவுக்கு ஒன்று, கோழி ஏற்ற ஒன்று. சேசிஸ் ஒன்றே, பாடி பலவகை. லினக்சு என்பது அந்தச் சேசிஸ். அதன்மேல் உலகெங்கும் பற்பல குழுவினர் தத்தம் தேவைக்கேற்பப் பாடி கட்டுகிறார்கள். 1993-இல் தொடங்கிய டெபியன் என்பது அவற்றுள் ஒன்று. அந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டு, நடுவண் அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டதே பாஸ் என்னும் இயங்குதளம். பாடி கட்டுவதில் இந்தியாவுக்கே பேர்போன மாவட்டத்தின் பிள்ளைகள், இந்தப் பாடி கட்டுவதை மட்டும் ஏன் அயலார் வேலை என்று எண்ண வேண்டும்?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 2006-இல் மாநில அரசின் எல்காட் நிறுவனம், அதன் மேலாண் இயக்குநராக இருந்த உமாசங்கர் அவர்களின் முயற்சியால், தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசும் பாசும் இரண்டுமே நிறுவப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும், எதற்குள் போகிறாய் என்று திரையே கேட்கும்.

அப்போது நாம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். மடிக்கணினி வழங்கும் பதிவேடு நம் பொறுப்பில் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், நம் காலனியைச் சேர்ந்தவர், கையொப்பமிட்டுப் பெட்டியை வாங்கினார். அவருடைய தாயார் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குத் தோல் உரிக்கும் வேலைக்குப் போய்வந்தவர். அங்கேயே பெட்டியைப் பிரித்து, பொத்தானை அழுத்திவிட்டு, "ஐயா, இதுல ரெண்டு இருக்குதுங்களே, இன்னொன்னு என்னதுங்கய்யா?" என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "அதைத் தொடாதேப்பா, கெட்டுப் போயிடும்" என்றோம்.

அவையோரே, 1991-இல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அதே அச்சத்தை, இருபதாண்டு கழித்து, ஆசிரியர் என்னும் அதிகாரத்தோடு நாம் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தோம். "சரிங்கய்யா" என்று தலையசைத்துவிட்டு அவர் போனார். நல்லவேளையாக அவர் நம் சொல்லைக் கேட்கவில்லை. தமக்குரிய பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் சொல்லவில்லை.

அவர் 2012-இல் அரசுப் பொறியியற் கல்லூரி ஒன்றில் கணிப்பொறியியல் பிரிவில் சேர்ந்தார். ஆதிதிராவிடர்க்கான 18 விழுக்காட்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு என 2009-இல் வந்த உள் ஒதுக்கீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. கலந்தாய்வுக்காகத் தந்தையும் மகனும் இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வரிசையில் நின்றதை அத்தந்தையார் இன்றும் சொல்வார். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். முதற்பருவத்தில் இரண்டு தாள்கள் போயின. பொதுவாக நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

அவரைத் திரும்பவிடாமல் பிடித்து வைத்தது, நாம் தொடாதே என்று சொன்ன அந்த இரண்டாவது கதவுதான் என்று அவரே பின்னர்ச் சொன்னார். விடுதியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு குறுவட்டை இரவல் வாங்கி, வேறொரு லினக்சை நிறுவ முயன்றார்கள். வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் இடத்தில் ஒரு விடையைத் தவறாகச் சொல்லிவிட்டார்கள். விண்டோஸ் போயிற்று, பாஸ் போயிற்று, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய செய்முறை ஏடு முழுவதும் போயிற்று. அன்றிரவு நமக்குத் தொலைபேசியில் அழைத்தார். குரல் உடைந்திருந்தது. கணிப்பொறியில் நாம் என்ன உதவ முடியும்? நமக்குத் தெரிந்த வரலாற்றையே சொன்னோம். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பிறகு இலண்டனில் ஆய்வில் இருந்த அண்ணல் அம்பேத்கர், உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. தாம் சேர்த்த நூல்களை வேறொரு கப்பலில் அனுப்பினார். போர்க்காலம், அக்கப்பல் தாக்கப்பட்டு நூல்களோடு கடலில் மூழ்கியது. 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று 1923-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றே தீர்ந்தார். இதைக் கேட்டு அம்மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அவருக்கும் நகல் இல்லாம போச்சுங்களா ஐயா" என்றார். அதன்பின் எதையும் இரண்டு படியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்தது.

அந்த ஆண்டுகளின் மின்வெட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2012, 2013-இல் நம் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்ற நேரமே மிகுதி. லினக்சின் கருவை மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அந்தச் சிறிய மடிக்கணினியில் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பாதியில் மின்சாரம் போகும். மின்கலமும் தீர்ந்து திரை அணையும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று முதல் நாள் வருந்தினார். மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால், மேக் என்னும் அந்தக் கருவி, எந்தெந்தக் கோப்புகள் முன்பே முடிந்துவிட்டன என்று அவற்றின் நேரக் குறிப்பைப் பார்த்து, எஞ்சியவற்றை மட்டும் செய்கின்றது. நின்ற இடத்திலிருந்து தொடர்கின்றது. மூன்று இரவுகளில் முடித்தார். தாமே தொகுத்த கருவில் தம் மடிக்கணினி விழித்தெழுந்ததை அவர் விடுமுறைக்கு வந்தபோது நமக்குச் செய்து காட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் அவர் விரல் வைத்துப் படித்தார். பாடநூலின் ஆங்கிலத்துக்கு அஞ்சிய அதே பிள்ளை.

பின்னர் கேட் தேர்வு எழுதி, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையுடன் முதுகலைப் பொறியியல் பயின்றார். அதனைத் தொடர்ந்து ஆய்வில் சேர்ந்தார். ஆய்வு என்றவுடன் பெரிய கண்டுபிடிப்பை எண்ணிக்கொள்ள வேண்டாம். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: நினைவகம் குறைந்த கணிப்பொறியில், எதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது, எதை வன்தட்டுக்கு அனுப்பிவிடுவது? நம் பள்ளி அலுவலகத்தில் ஒரே மேசைதான். வருகைப் பதிவேடு எப்போதும் மேசைமேல் இருக்கும். பழைய மாற்றுச் சான்றிதழ்க் கட்டுகள் பரண்மேல் போகும். பரண்மேல் போட்டதையே யாரேனும் அடிக்கடி கேட்டால், எழுத்தருக்கு ஏறி இறங்கவே பொழுது போய்விடும். லினக்சும் அவ்வாறே, அண்மையில் பயன்பட்டவை ஒரு பட்டியல், பயன்படாது கிடப்பவை ஒரு பட்டியல் என்று பிரித்து வைக்கின்றது. அந்தப் பிரிப்பில் எங்கே பொழுது வீணாகின்றது என்பதை அளப்பதே அவர் வேலை. ஒரே அளவையை நூறுமுறை எடுப்பார். நூறும் நூறு விதமாக வரும். ஏன் என்று ஒரு மாதம் தேடுவார். எழுதிய கட்டுரை திரும்பி வரும். ஆய்வு உதவித்தொகை ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் நிற்கும். அந்த மாதங்களில் கழகத்தின் கல்வி நிதியிலிருந்து அவருக்குக் கடன் வழங்கியதைப் பொருளாளர் அவர்கள் அறிவார்கள். கடன் திரும்பி வந்ததையும் அறிவார்கள்.

இடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. லினக்சின் மூலநிரலில் விளக்கமாக எழுதப்பட்டிருந்த ஒரு வரியில் எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டார். திருத்தி, அப்பகுதியின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மடலின் அமைப்பு முறையன்று என்று திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினார். இடைவெளிகள் விதிப்படி இல்லை என்று மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை ஏற்கப்பட்டது. எழுத்துப்பிழை திருத்துவது ஆசிரியர் தொழில். ஆதலின் நமக்குத் தனி மகிழ்ச்சி. அங்கே திருத்தம் அனுப்புவோர், இது என் கைவேலை, வழங்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறிக் கடைசியில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். 2004 முதல் இருந்துவரும் நடைமுறை இது. பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போதும். முதல் வகுப்பில் சேர்ந்த நாள் முதலாகச் சாதிச் சான்றிதழின் நகலை இணைக்காமல் ஒரு விண்ணப்பமும் கொடுத்தறியாதவர் அவர். அச்சான்றிதழ் நம் உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்றாலும், வெறும் பெயரோடு மட்டும் நின்ற அந்த ஒரு வரியை அச்செடுத்துக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார்.

இதைக் கொண்டு கணிப்பொறி உலகில் சாதி இல்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. 2020-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் துறை ஒன்றே, நம்மவரான பொறியாளர் ஒருவர் சாதியால் ஒதுக்கப்பட்டதாகக் கூறி, பெருநிறுவனம் ஒன்றின்மீது வழக்குத் தொடுத்தது. 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. இல்லாத ஒன்றைத் தடை செய்ய அவர்கள் சட்டம் இயற்றவில்லை. ஏடு சாதி கேட்பதில்லை. ஏட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் மனிதர் கேட்கக்கூடும். இரண்டையும் அறிந்தே நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும்.

அவர் கடந்த ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அவன், இவன் என்று சொல்லிப் பழகிய வாய் இது. இப்போது தானாகவே அவர் என்கின்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழுவினர், மாணவர்களையும் ஆய்வாளர்களையும் கொண்டே சக்தி என்னும் செயலியை வடிவமைத்து, 2018-இல் அதில் லினக்சை இயக்கிக் காட்டியதை அவர் சொல்லும்போது கண்கள் ஒளிர்கின்றன. அதன் வடிவமைப்பும் எவரும் படிக்கத் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. பாடி மட்டுமன்று, சேசிஸ் மட்டுமன்று, இப்போது எஞ்சினையும் நம் நாட்டு மாணவர்களே வார்க்கிறார்கள் என்று பொருள். நம் காலனியிலிருந்து அடுத்து யார் போகப் போகிறார்கள் என்பதே நம் கவலை. ஒருவர் போனது தற்செயல். ஆசிரியர் சொல்லைக் கேட்காத பிள்ளையாக அவர் இருந்ததால் போனார். அதை நம்பிக் கழகம் நடத்த இயலுமா?

இன்று மாலை பொதுக்குழு கூடுகின்றது. வெள்ளி விழா நிதியில் காலனி முகப்பில் நுழைவாயில் வளைவு கட்டுவது என்று ஒரு கருத்து உலவுகின்றது. வளைவை நாம் இழித்துரைக்கவில்லை. அண்ணலின் பெயர் பொறித்த வளைவின் கீழ் தலை நிமிர்ந்து நடப்பதும் ஒரு கல்வியே. ஆயினும், சமுதாயக் கூடத்தின் பின்னறை பந்தல் சாமான்கள் போடும் இடமாகக் கிடக்கின்றது. அதனைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, பத்து மேசையும் மின்னிணைப்பும் தர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கணிப்பொறி வாங்கப் பணம் வேண்டாம். நம் வீடுகளில் 2011 முதல் வந்த விலையில்லா மடிக்கணினிகள் பரண்மேலும் அரிசிப் பானைக்குப் பின்னும் கிடக்கின்றன. சில அடகுக் கடைக்குப் போயின; அதையும் அறிவோம். எஞ்சியவற்றை எடுத்து வாருங்கள். 2 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய பொறியிலும் எளிய லினக்சு ஒன்று நன்றாகவே ஓடுகின்றது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நிறுத்தப்பட்டதால் அலுவலகங்கள் கழிக்கும் பொறிகளையும் கேட்டுப் பெறலாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பெண்பிள்ளைக்குக் கிடைத்த மடிக்கணினியில் அண்ணன் படம் பார்த்ததும், அவள் திருமணத்தின்போது அது அண்ணன் வீட்டிலேயே தங்கியதும் நாம் கண்ட காட்சிகள். ஆதலின் அவ்வறை மாலை 4 முதல் 7 வரை பெண்களுக்கே என்று இருக்க வேண்டும். பொறுப்புக்கும் பட்டம் பெற்ற நம் பெண் ஒருவரையே அமர்த்த வேண்டும். ஆண்பிள்ளைகள் 7 மணிக்கு மேல் வரட்டும். இந்த ஒன்றில் மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வரும்போது நான்கு நாள் தங்கி எல்லாப் பொறிகளிலும் லினக்சை நிறுவித் தருவதாக அவர் வாக்களித்திருக்கிறார். முதல் பொறியை நாம் இன்றே கொண்டுவந்துள்ளோம். நம் மகளுக்குப் பள்ளியில் வழங்கியது. அவள் இசைவோடுதான் கொடுக்கின்றோம். மேசைமேல் இருக்கும் பெட்டி அதுவே. மின்கலம் செத்துவிட்டது, மின்கம்பியைச் செருகியே இயக்க வேண்டும். கடவுச்சொல்லைச் செயலாளர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.